உப்புப் போடும் கை

மாதவிலக்கு நாட்களில் எஸ்னாத்தி குழம்புக்கு உப்புப் போடமாட்டாள். ஏரிக்கரை ஊரான சலிமாவில் எந்த வீட்டிலும் பெண்கள் போடமாட்டார்கள். போட்டால், சாப்பிட்டவர் இளைத்துத் தேய்ந்துபோவார். அந்த நோய்க்கு ‘ம்துலோ’ என்று பேர். வயதுக்கு வராத பிள்ளைதான் அன்று உப்புப் போட வேண்டும். எஸ்னாத்தியின் வீட்டில் அது தியாமிகேயின் வேலை.

தியாமிகே, இறந்துபோன அக்காவின் மகள். ஒன்பது வயது. பிறப்பிலேயே எச்.ஐ.வி. தொற்றியவள். பொழுது சாயும்போது எஸ்னாத்தி மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைப்பாள். களி அடிப்பிடிக்குமென்று உடனே அடுப்பின் பக்கம் திரும்பிவிடுவாள். ஐந்து வருடமாக இதுதான். எஸ்னாத்தியை உத்தமி என்று சொல்ல எனக்கு அவசரமில்லை. சந்தைக்குச் சுமக்கும் வள்ளிக்கிழங்குக் கூடையைப் போலத்தான் அந்தப் பிள்ளையையும் சுமந்தாள், முனகிக்கொண்டே.

அந்த மழைக்காலத்தில் பிள்ளை இளைத்தாள். அடிக்கடி வயிற்றுப்போக்கு. இரண்டு வாய் களி உருட்டியதும் கையைக் கழுவிவிடுவாள். பக்கத்து வீட்டிலிருந்து கணவனின் அக்கா ஃபலேசி வந்து பார்த்தாள்.

“நீ அந்த நாள்ல உப்புப் போட்டிருக்க.”

“நான் போடல அண்ணி.”

“போட்டவ எவ போட்டேன்னு சொல்லியிருக்கா? மருந்து வேர் வாங்கிக் காய்ச்சிக் குடு. முடியாதுன்னா பிள்ளைய எங்கிட்ட விட்டுடு.”

செய்யாத தவறைச் செய்யவில்லை என்று காட்ட வழியே கிடையாது. இரண்டு நாளில் எஸ்னாத்திக்குத் தன் மீதே சந்தேகம் வந்தது. எதற்கு வம்பு என்று எல்லா நாளும் உப்பைத் தியாமிகேயிடமே விட்டாள்.

நான்காம் நாள் அவள் கணவன் யோனாமு கருவாட்டுக் குழம்பைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுச் சட்டியை எட்டிப் பார்த்தான்.

“மீனு இன்னும் ஏரியிலதான் கிடக்கா? நாலு நாளா வெறும் தண்ணிய முழுங்குறேன்.”

எஸ்னாத்தி நக்கிப் பார்த்தாள். உப்பே இல்லை.

“போட்டியாடி?”

“இல்ல.”

“ஏன்?”

“எரியுது சின்னம்மா.”

“வாயிலயா?”

தியாமிகே நெஞ்சின் நடுவில் விரலை வைத்துக் கீழே இழுத்தாள். “இங்க. கீழ போறவரைக்கும்.”

அடுத்த கேள்வியைக் கேட்க எஸ்னாத்திக்குப் பயமாக இருந்தது.

“மாத்திரை?”

“அதுவும் அங்கயே நிக்குது.”

“நிக்குதா, துப்புறியா?”

பிள்ளை அவளைக் குளியல் தட்டிக்குப் பின்னால் அழைத்துப்போய் ஒரு செங்கல்லைப் புரட்டினாள். அடியில், மழையில் ஊறி மாவாகிப்போன மாத்திரைகள். எண்ண முடியவில்லை.

மறுநாள் எஸ்னாத்தி சந்தைக்குப் போகவில்லை. யோனாமு சைக்கிளில் இருவரையும் ஏற்றிச் சுகாதார நிலையத்துக்கு மிதித்தான். மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் ஒட்டியதுபோல வெள்ளை.

“பூஞ்சை. உணவுக்குழாய்லயும் இறங்கியிருக்கும். பிள்ளை எப்படி முழுங்கும்? மாத்திரை எத்தன நாளாப் போகல?”

“தெரியல.”

“தினமும் குடுக்கறது நீங்கதானே?”

“குடுக்கறது நான்தான்” என்றாள் எஸ்னாத்தி.

மூன்று வாரத்துக்கு மருந்து கொடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். இடையில் விட்டுப்போனதால் பழைய மாத்திரை இனியும் வேலை செய்யுமா என்பது அடுத்த மாதம் முடிவு வந்தால்தான் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து, அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது ஃபலேசி மறுபடி வந்தாள்.

“நோய்க்காரப் பிள்ளை கை என் தம்பி சாப்பிடற குழம்புல படக்கூடாது. நாளையிலேர்ந்து என் மகள அனுப்புறேன்.”

எஸ்னாத்தி உப்பு டப்பாவைத் தியாமிகேயிடம் நீட்டினாள்.

“உனக்குத் தனியா எடுத்து வச்சிட்டேன். மத்ததுக்குப் போடு.”

தியாமிகே போட்டாள். விரலில் ஒட்டியிருந்த ஒரு கல்லை நாக்கில் வைத்து விழுங்கினாள். முகம் சுருங்கியது.

“எரியுதா?”

“கொஞ்சம்.”

“எங்க?”

விரல் தொண்டையைத் தொட்டது; நெஞ்சுக்கு இறங்கவில்லை.

எஸ்னாத்தி மாத்திரையைக் கொடுத்தாள். களி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அவள் திரும்பவில்லை.

“வாயத் திற. நாக்கத் தூக்கு.”

ரத்தப் பரிசோதனை முடிவு வர இன்னும் பதினாறு நாள் இருந்தது.