முன்நுனி தேய்ந்த செருப்பு

செருப்புக் கடையில் உட்கார்ந்தவனுக்கு ஆளின் பெயர் மறந்துபோகும், பாதம் மறக்காது. கடை வைத்து அல்லாடுகிறவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

ஏம்பலத்துக் கரும்பு விவசாயி கோவிந்தனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது தவளக்குப்பத்தில், என் கடை வாசலில். மகள் செல்வி அவரை ஸ்கூட்டியின் பின்னால் உட்காரவைத்து, இரண்டு கால்களையும் எடுத்து ஃபுட்ரெஸ்டில் வைத்தாள். "வாரு அறுந்தா உன்னத்தான் வந்து புடிப்பேன்" என்றார். வார் அறுவதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

ஒற்றைச் செருப்பு

ஊரில் எல்லோருக்கும் செருப்பு குதிகாலில் தேயும். கோவிந்தனுக்கு முன்நுனி தேயும். குதிகால் புதுசாகவே இருக்கும். நடக்கும்போதே கழன்றும் விழும். வாரை மாற்றினேன், ஒரு சைஸ் குறைத்தேன். மறுவாரமே ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார்.

"இன்னா கடை வச்சிக்கிற நீ? செருப்பு ரோட்ல கெடக்குது, நான் மட்டும் வூடு போய்ச் சேர்றேன்!"

காலையிலேயே

சேற்றில் நடப்பவர்போல முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தைப் பொத்தென்று போடுவார். காலையிலேயே குடித்துவிட்டு வருகிறார் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் நாலு பேர் முன்னால், "தெளிஞ்சப்புறம் வாங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டினார். உள்ளங்கால் வளைந்து உயர்ந்திருந்தது, விரல்கள் மடங்கியிருந்தன, கெண்டைக்கால் குச்சி.

"எங்கப்பாவுக்கும் இதே நடை, தாத்தாவுக்கும் இதே நடை. மூணு தலமொறையா எறங்காத போதை எந்தக் கடையில விக்குதுபா?"

செல்வியின் செருப்பு

செல்வி வார் மாற்றக் கொடுத்த செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். முன்நுனி தேய்ந்திருந்தது. கோவிந்தனைத் தனியாக அழைத்துக் காட்டினேன். "பொண்ணு பாக்க வராங்க. வாய மூடிக்கினு வாரப் போடு" என்றார். போட்டேன். அப்போது என் மனைவி உயிரோடு இருந்தாள். நான் சொன்னதைச் சோறு போட்டுக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"காலு அவளுது. மூடிவைக்க நீங்க ரெண்டு பேரும் யாரு?"

ஒரு வருஷம் கழித்து

மறுநாள் அந்தச் செருப்பைத் திரும்ப வாங்க வந்த செல்வியிடம், அது முன்நுனியில் தேய்ந்திருப்பதைச் சொன்னேன். அவள் போய்க் காட்டியதும், புதுச்சேரியில் நரம்பு டாக்டர் அவள் காலில் கரண்ட் வைத்துப் பார்த்தார். பரம்பரையாக வரும் நரம்பு நோய். குணமாகாது, பாதம் தொங்காமல் தாங்கிப் பிடிக்கப் பட்டை போடலாம் என்றார். பெண் பார்க்க வந்தவர்களிடம் அவளே அதைச் சொன்னாள். அந்த இடம் நின்றுபோனது. கோவிந்தன் ஒரு வருஷம் என் கடைப் பக்கம் திரும்பவில்லை. பிறகு ஒருநாள், தன் காலிலும் பட்டையோடு வந்தார்.

"பொண்ணு இத மாட்டிக்கினு வெரசா நடக்குறா. இதுக்கு மேல போடறாப்ல எனக்கும் ஒரு செருப்பு எடு. வாய மூடிக்கினு எடு."

அவர் காரியம் முடிந்து செல்வி கொண்டுவந்து கொடுத்த அந்த ஜோடி என் அலமாரியில் இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் தேய்வதுபோல, குதிகாலில்தான் தேய்ந்திருக்கிறது.