மியூசியத்தில் ஒரு மன்னிப்புக் கடிதம்

போன வாரம் ஓர் இளம் லெக்சரர், ராஜபாளையத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார். "சார், பி.ஏ. பசங்களை மெட்ராஸ் மியூசியம் கூட்டிட்டுப் போறேன். நம்ம காலேஜ்ல இதை முதல்ல ஆரம்பிச்சதே நீங்கதானாமே?"

ஆமாம், நான்தான். புகழ்ச்சி யாருக்குக் கசக்கும்? அரை மணி நேரம் யோசனை சொல்லி அனுப்பினேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். நான் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். சோழர் காலச் சிலைகள் என்றால் பிள்ளைகள் என் நோட்ஸை மனப்பாடமாக எழுதுவார்கள். ஒரு சிலையையாவது உற்றுப் பார்த்திருப்பார்களா? கோயிலில்தான் பட்டும் மாலையும் மூடியிருக்குமே... அதனால் மியூசியம். ஆளுக்கொரு சிலை. ஒரு மணி நேரம் பாருங்கள், கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள் — இதுதான் பாடம்.

ராஜலட்சுமி என்று ஒரு மாணவி. அவளை அனுப்ப அவள் அப்பாவுக்கு மனசில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், மில் தொழிலாளி. அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். நானே நேரில் போய்க் கேட்டேன்.

"ஒங்களை நம்பித்தான் அனுப்புதேன் சார். ஒரு சொல்லு வந்துச்சுன்னா படிப்பை நிறுத்திருவேன்" என்றார்.

அவளுக்கு வாய்த்தது ஒரு வெண்கலப் பெருமாள். அசையாமல் நின்று பார்த்தாள். எழுதினாள். பிறகு தன் தலையிலிருந்த பூவை எடுத்துப் பீடத்தில் வைத்துவிட்டாள்.

காவலாளி ஓடி வந்தார். "என்னம்மா, தலையில வச்ச பூவைப் போய் சாமிக்கு வைக்கிறே?"

"எங்க ஊர்ல அப்படித்தாங்க. ஆண்டாள் சூடுன மாலைதான் பெருமாளுக்குப் போகும்."

பின்னாலிருந்து ஒரு மாணவன்: "ஏட்டி, அப்படியே தீபாராதனையும் காட்டிரு." வகுப்பே சிரித்தது. காவலாளியும் சிரித்துவிட்டார். "போகட்டும் சார், சின்னப் பொண்ணு" என்று பூவை அவள் கையிலேயே கொடுத்தார்.

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நான்தான் விடவில்லை. படித்தவன் அல்லவா? மியூசியத்தைக் கோயிலாக்கிவிட்டாளே, மெட்ராஸில் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்... எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினேன்.

திரும்பும்போது ரயிலில் நோட்டுகளைப் புரட்டினேன். எல்லோரும் என் நோட்ஸையே எழுதியிருந்தார்கள். அவள் மட்டும்: 'கழுத்தும் தோளும் தேய்ந்து வழவழப்பாக இருக்கின்றன. ரொம்ப வருஷம் மாலை போட்டிருப்பார்கள். இப்போது யாரும் போடுவதில்லை.'

நான் கேட்ட பாடத்தை ஒருத்திதான் படித்திருந்தாள். அது தெரிந்த பிறகும் அந்தக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஊர் வந்ததும் காலேஜ் ஆபீஸில் கொடுத்தேன். வழக்கப்படி நகல் ஒன்று அவள் வீட்டுக்குப் போனது.

பத்து நாளில் அவள் அப்பா டி.சி. வாங்க வந்தார். தனியாகத்தான் வந்தார்.

"எம்மவ திருடவா செஞ்சா? பொறவு எதுக்கு சார் எழுதி வாங்குனீக?"

அவள்மேல் தப்பில்லை, தப்பு என்னுடையது — இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லியிருந்தால் டி.சி. வாங்காமலே திரும்பியிருப்பார்.

"அது மியூசியம் ரூலுங்க" என்றேன்.

அப்படி ஒரு ரூல் கிடையாது.