மச்சான் பிடித்த கயிறு

ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கி, புயல் கடலில் குதித்து ஆளைத் தூக்கிவரும் ஒருவனின் படம் போன வாரம் பத்திரிகையில் வந்தது. வீட்டில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நான் கயிற்றின் மறுமுனையில் இருப்பவனைத் தேடினேன். படத்தில் அவன் இல்லை. எரிச்சலாக வந்தது.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயம் அது. சாந்தோம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்து, படித்து, வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்ட வாத்தியார் நான். ஆனாலும் மழைக்காலம் வந்தால் கடற்கரைக்குக் கூப்பிட்டு அனுப்பிவிடுவார்கள். காரணம், என் தங்கையின் புருஷன். அலையில் படகு கவிழ்ந்தால் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீந்திப்போய் ஆளைப் பிடித்துவருவான். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்கவேண்டும் என்பது எங்கள் ஆட்களின் கட்டுப்பாடு. பங்காளி பிடித்தால் பழைய பகையில் விட்டாலும் விடுவான். மச்சான் விடமாட்டான், தங்கை தாலியறுப்பதை எவன் பார்த்துக்கொண்டிருப்பான்? கடலிலிருந்து இரண்டு இழுப்பு வந்ததும் நான் குரல் கொடுப்பேன். பின்னால் நிற்பவர்கள் இழுப்பார்கள். அதுவரை யாரும் இழுக்கக்கூடாது.

அன்று காலை நாலு பேரோடு ஒரு படகு கவிழ்ந்தது. ஒவ்வொருவராக மூன்று பேரைக் கொண்டுவந்தான். மூன்றாவது ஆளைக் கரையில் போட்டுவிட்டு மண்டிபோட்டு வாந்தி எடுத்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"போதும்டா. உன் உடம்பு இன்னா இரும்பா?" என்றேன்.

"இன்னும் ஒருத்தன் கீறான் மச்சான்."

"நீ தாங்கமாட்டே."

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் இன்னா, முழம் இன்னா? கயித்தப் புடி." சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

கயிறு கையிலிருந்து ஓடிக்கொண்டே இருந்து, ஒரு இடத்தில் நின்றது. அலைக்கு மேல் தலை தெரியவில்லை. இழுப்பும் வரவில்லை. மனசுக்குள் எண்ணினேன், நடுவில் எண்ணிக்கை தவறிப்போனது. பிள்ளைத்தாச்சியான என் தங்கை பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். "இழுங்க!" என்று கத்திவிட்டேன்.

வெறுங்கையோடு வந்து சேர்ந்தான். மூச்சு திரும்பியதும், "அவன் முடியப் புடிச்சுக்கினு இருந்தேனே மச்சான்," என்றான். "அதுக்குள்ள ஏன் இழுத்த?"

அதற்கப்புறம் அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்த மழைக்கும் கயிற்றை என் கையில்தான் கொடுத்தான். குப்பத்தில் ஒருவரும் குற்றம் சொல்லவில்லை. மச்சான் வேலையை மச்சான் செய்தான் என்றார்கள். யாராவது திட்டியிருந்தால் தேவலை. அந்த வருஷம் முழுக்க எனக்கு வகுப்பில் நிற்கவே அலுப்பாக இருந்தது.

செத்தவனின் மனைவியைப் பார்க்கப் போவதற்கு எனக்கு ஏழெட்டு மாதம் பிடித்தது. வாசல் மணலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவசரப்பட்டுட்டேம்மா," என்றேன். "தங்கச்சி மூஞ்சியப் பாத்தேன், மனசு கேக்கல."

அவள் கோபப்படவில்லை. கையில் இருந்ததைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"நானும் அங்கதாண்ணே நின்னுக்கினு இருந்தேன். என்னை நீ பாக்கல."