கடல் கடந்த மிளகு

மலைமேல் இருக்கும் சோளக்காட்டுச் சந்தையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உட்கார்ந்தவர்களுக்குத்தான் வியாபாரம். சுமித்ரா பள்ளிக்கூடம் போன காலத்தில், லீவு நாட்களில் அம்மா ராமாயியோடு அங்கே உட்கார்ந்து மிளகு விற்பாள். பின்னால் வாழைப்பழம் வைத்திருந்த பெருமாயியை யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஒருநாள் சுமித்ரா கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“ஏனுங்க, நீங்க முன்னால வந்து உக்காருங்க. இங்க வெயிலு கண்ணு கூசுது, எனக்கு ஆகல.”

அன்றைக்கு மலை முழுக்க மூட்டம். வெயிலே இல்லை. ராமாயி ஒருமுறை வானத்தைப் பார்த்தாள், ஒருமுறை மகளைப் பார்த்தாள்.

அந்தப் பிள்ளைதான் வளர்ந்து இங்கிலாந்துக்கு மேல்படிப்புக்குப் போனாள். ராமாயி ஆசையாகக் கட்டிக் கொடுத்த மிளகு விமான நிலையத்திலேயே நின்றுவிட்டது. பெட்டி எடை கூடுகிறது என்று அதை எடுத்து அப்பா அர்த்தனாரி கையில் கொடுத்துவிட்டுத்தான் ஏறினாள்.

அங்கே ஒரு முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில் வேலை கிடைத்தது. கல்லூரி நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு இருபது மணி நேரந்தான் வேலை செய்யலாம்; மீறினால் விசாவுக்கே ஆபத்து. படிப்பை முடித்துவிட்டால் கொஞ்ச காலம் முழுநேர வேலைக்கு அனுமதி உண்டு. அதை நம்பித்தான் ராமாயி தினமும் மலைக்கோயில் அறப்பளீஸ்வரருக்கு விளக்கேற்றினாள்.

“வாங்கற சம்பளம் வாடகைக்கே பத்தலம்மா. மேற்கொண்டு செய்யவும் விடமாட்டாங்க,” என்று ஒருநாள் போனில் சொன்னாள் மகள்.

“அடுத்தவங்கிட்டக் கைகட்டி நின்னாத்தான கண்ணு அது வேலை? நம்மூட்டு மிளகை நாம விக்கறது வேலையா? மிச்ச நேரத்துல வித்துக்க சாமி.”

மலையில் அப்படித்தான். கூலிக்குப் போனால் வேலை. சொந்தக் கூடையோடு உட்கார்வதை யாரும் வேலை என்று சொல்வதில்லை. சுமித்ராவுக்கும் அது சரியாகவே பட்டது. சேலத்திலிருந்து அங்கே படிக்கப் போன ஒரு பெண்ணிடம் ராமாயி ஒரு பை மிளகு கொடுத்தனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சுமித்ரா அதைப் பொட்டலம் போட்டு விற்றாள். ஒளிக்க என்ன இருக்கிறது என்று போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கிலும் போட்டாள்.

அது கல்லூரியின் கண்ணில் பட்டது. மாணவர் விசாவில் போனவர்கள் சொந்த வியாபாரம் செய்யவே கூடாதாம். கல்லூரி விசா அலுவலகத்துக்கு எழுதியது. படிப்பு முடிய ஒரு பருவமே பாக்கி இருக்கையில் விசா ரத்தானது.

“மிளகைத் தேடிக் கப்பலேறி வந்தவனுக! நாம நாலு பொட்டணம் வித்தா மட்டும் குத்தமா?” என்று கத்தினார் அர்த்தனாரி.

ராமாயி போனை வாங்கினாள். “நாஞ்சொல்லித்தான செஞ்ச? அந்த ஆபீசருகிட்ட நானே வந்து சொல்றேன். எங்க வரோணும்னு மட்டும் கேட்டுச் சொல்லு.”

“நீ எங்கம்மா வருவ?”

“போன்லயாச்சும் சொல்றேன் கண்ணு.”



அன்று சாயங்காலம் ராமாயி கோயிலுக்குப் போய் நின்றாள். கை கும்பிட்டது. சொன்னது அவள், தண்டனை பிள்ளைக்கு. இதை என்னவென்று சாமியிடம் கேட்பது?

சுமித்ரா வீடு வந்து சேர்ந்தாள். அம்மாவை அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ராமாயிதான் சோற்றைப் போட்டுவிட்டு, மகள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் அடுப்படிக்குள் போய்விடுவாள். ஒரு மாதம் கழித்துச் சுமித்ராவுக்கு ஓசூரில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் வேலை கிடைத்தது.

சோளக்காட்டில் மகளைப் பஸ் ஏற்றிவிட்டு ராமாயி மடியிலிருந்து மிளகுப் பொட்டலத்தை எடுத்தாள். ஜன்னலுக்கு நீட்டிய கை பாதியில் நின்றது.

“வேண்டாங்கண்ணு. இதுனால பட்டது போதும்.”

சுமித்ரா எட்டி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் நகர்ந்தது. ஜன்னலோரமாகக் கூடவே நடந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்:

“நீ சொல்றதுக்கு முந்தியே நான் அங்க மிளகு வித்துட்டுத்தாம்மா இருந்தேன்.”

விமான நிலையத்திலேயே மிளகைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன மகளை ராமாயி பார்த்தாள்; அன்றைக்கும் மலையில் வெயில் இல்லை.