ஆலாத்தித் தட்டும் மஞ்சள் காரும்

மலர் அக்கா காலமான செய்தி வந்தபோது நான் லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் மருந்துக்கடையின் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். வெளியே உறைபனி. கவுன்சில் லொறி வந்து பனி உருக வீதிக்கு உப்புத் தூவிவிட்டுப் போயிருந்தது. அக்காவின் அண்ணன் மகள் ஆரணி தொலைபேசியில், "யோகா அன்ரி, மாமி எங்களை விட்டுட்டுப் போட்டா" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. நான் வாசலில் கிடந்த உப்பைப் பார்த்தபடி நின்றேன். இன்றைக்கு அக்கா காரைக் கழுவ வேண்டுமே என்றுதான் முதலில் நினைத்தேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

சில நாட்கள் கழித்து ஆரணியின் தகப்பன், அக்காவின் ஒரே அண்ணன், தம்பிராசா அண்ணை அழைத்தார். "யோகா, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்கிறம். நீர் கனகாலம் மலரோடை வேலை செய்த ஆள். ஒரு பக்கம் எழுதித் தாரும். அமைதியானவள், அண்ணன்ரை சொல்லைத் தட்டாதவள் எண்டு எழுதும். அந்தக் கார் விசயம் மட்டும் வேண்டாம்."

"ஓம் அண்ணை" என்றேன். கார் விசயத்தை மட்டும் எழுதிக் கொடுத்தேன். அவர் அச்சிட மறுத்துவிட்டார். அதனால்தான் இது இன்று மண்டப வாசலில் தனித் தாளாக உங்கள் கைக்கு வந்திருக்கிறது. கல்வெட்டில் படத்தோடு இருக்கும் அந்த அமைதியான மலர் யாரென்று எனக்குத் தெரியாது. அக்காவை அறிந்த நீங்கள் நான் அறிந்தவரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

அக்கா மருந்தாளர். கடை அவருடையது. அவரைக் கட்டிய மனிதன் வேறொருத்தியோடு கனடாவுக்குப் போய்விட்டான். போனவன் அவன், பெயர் கெட்டது அக்காவுக்கு. இருமலுக்கும் நீரிழிவுக்கும் அவரிடம் மருந்து வாங்கிக்கொண்டு, வெளியே போய் அவரை "வாழாவெட்டி" என்று சொன்ன வாய்களில் சில இந்த மண்டபத்திலும் சோறு மென்றுகொண்டிருக்கும். நான் புருசனைப் பறிகொடுத்தவள். என்னை அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அக்கா என்னை வேலைக்கு எடுத்தபோது ஒன்றுதான் கேட்டார்: "உமக்குக் கோபம் வருமோ?" வரும் என்றேன். "நல்லது. கோபம் இல்லாத ஆக்களோடை வேலை செய்ய எனக்கு ஏலாது" என்றார்.

தம்பிராசா அண்ணையின் மூத்த மகளின் கலியாணம் பலருக்கு நினைவிருக்கும். தாலி கட்டி முடிந்து, மணமக்களுக்கு இரண்டு பெண்கள் ஆலாத்தி எடுக்க வேண்டிய நேரம். தட்டில் வாழைப்பழத் துண்டுகளில் திரி எரிந்துகொண்டிருந்தது. மருமகள் மேல் இருந்த ஆசையில் அக்கா தட்டைத் தூக்கிவிட்டார். அண்ணை மேடையில் வைத்தே அந்தத் தட்டைப் பறித்தார். "நீ வை. உன்ரை கை இதுக்கு வேண்டாம். பின்னுக்குப் போய் இரு." வீடியோக்காரன்கூட கமராவைத் தாழ்த்திவிட்டான். அக்கா பின்வரிசையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அழவில்லை. திரி சுட்ட விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்றிலிருந்து அந்த மனிதரின் முகத்தைக் கண்டால் வயிறு எரியும். இன்றும் எரிகிறது. செத்த வீட்டில் இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள், கலியாண வீட்டில் அப்படிச் செய்யலாமா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

அந்த அண்ணையிடம் கறுப்பு நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, தரையோடு ஊர்கிற இத்தாலியக் கார். கோடையில் அதைக் கோவில் வாசலில் நிறுத்தி, ஊர்ப் பிள்ளைகள் படம் எடுப்பதைப் பார்த்து மீசையைத் தடவுவார். அக்கா ஒரு நாள் போய் அதே மாதிரிக் கார் ஒன்றை, பழையதுதான், வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல மஞ்சள் நிறம். கோவில் வாசலில் அண்ணை எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "இது வெயில்காலக் கார். பனிக்கு இவளாலை ஓட ஏலாது. பாருங்கோ, கார்த்திகையிலை மூடிக் கட்டிப்போட்டு பங்குனியிலைதான் திறப்பாள்."

அக்கா என்னைக் காரில் ஏற்றினார். திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார்: "யோகா, இந்தக் கார் ஒரு பனிக்காலமும் படுக்காது."

படுக்கவில்லை. வெயில்கால ரயர் குளிரில் பிளாஸ்ரிக் மாதிரி இறுகிவிடும் என்று, ஐப்பசியிலேயே குளிர்கால ரயர் மாற்றினார். கராஜுக்குள் நிற்கும் நேரமெல்லாம் பற்றரிக்குச் சுவரிலிருந்து மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். மேலே காற்றுப் போகிற துணிதான் போர்த்துவார். "பிளாஸ்ரிக்காலை மூடினால் உள்ளுக்கை வேர்க்கும். வேர்த்தால் பூஞ்சணம் பிடிக்கும்." வீதியின் வேகத்தடைகளுக்கு முன்னால் ஒரு பொத்தானை அமத்திக் காரின் மூக்கை உயர்த்தி, மாப்பிள்ளையை மேடைக்கு ஏற்றுவது போல அவ்வளவு பக்குவமாக ஏற்றி இறக்குவார். காலையில் புறப்பட்டதும் பலமாக மிதிக்க மாட்டார். நான் அவசரப்பட்டால் ஒரே பதில்தான்: "எண்ணெய் சூடாகட்டும். அதுக்கு முதல் மிதிச்சால் எஞ்சினுக்குத்தான் நட்டம். கோபமும் அப்பிடித்தான்."

ஓடிவிட்டு வந்தால் கழுவல். வீதி உப்பு அடித்தட்டைத் தின்றுவிடும் என்று, விரல் விறைக்க விறைக்கக் குழாயைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். அவர் முழங்காலில் நின்று சில்லுகளின் உட்பக்கத்துக்குத் தண்ணீர் அடிப்பார். ஒரு நாள் நான் சலித்துக்கொண்டேன். அவர் நிமிர்ந்து, "உப்புத் திண்டது தண்ணி குடிக்கத்தானே வேணும்" என்றார். அடுத்த சில்லுக்கு நகர்ந்து, "அண்ணையும் ஒரு நாளைக்குக் குடிப்பார்" என்றார். அதை ஏதோ மருந்துச்சீட்டு வாசிப்பது போல அமைதியாகச் சொன்னார்.

டூட்டிங்கில் இடியப்பம் வாங்கப் போன ஒரு மழை நாளில், கடை வாசலில் நின்ற வயதான ஒருவர் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை, மகன்ரை காரோ?"

"இல்லை."

"அப்ப அவரின்ரையோ? வீட்டுக்காரரின்ரையோ?"

"எவரின்ரை?"

மனிதர் குடையை விரித்துக்கொண்டு விலகினார். அக்கா இடியப்பப் பார்சலை என் மடியில் வைத்துவிட்டு, எண்ணெய் சூடாகத்தான் இருந்தது, ஒரு மிதி மிதித்தார். மேல் டூட்டிங் வீதி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சம்பல் என் சேலையில் கொட்டியதற்கு அவர் மன்னிப்புக் கேட்கவேயில்லை.

பிறகு ஆரணிக்குக் கலியாணம் வந்தது. தை மாதம். நம்முடைய நல்ல மாதம் இந்த ஊரில் உறைபனி மாதம். மகளைக் கறுப்புக் காரில் மண்டப வாசலில் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்பது அண்ணையின் ஆசை. சாத்திரியார் ஒருவர் அவரிடம், மார்கழி பீடை மாதம், வாகனத்தில் கைவைக்க வேண்டாம், தையில் கலியாணத்தன்று நல்ல நேரத்தில்தான் திறப்பைப் போட்டுத் திருப்பிக் காரைக் கிளப்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அண்ணை அப்படியே செய்தார். கார்த்திகை முடிவில் காரை வாசலுக்கு நேரே நிறுத்தி, பிளாஸ்ரிக் தறப்பாளால் இறுக்கிக் கட்டி, முன்னுக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கவிட்டார். மின்சாரமும் கொடுக்கவில்லை, ஒரு தரம் திறந்து பார்க்கவுமில்லை.

அக்காவும் நானும் அன்று காலை அங்கே இருந்தோம். மாமிதான் சேலை கட்டிவிட வேண்டும் என்று ஆரணி பிடிவாதம் பிடித்திருந்தாள். அறைக்குள் சேலை கட்ட அந்தக் கை வேண்டும். சபையில் தட்டுப் பிடிக்க வேண்டாம். சனமெல்லாம் மண்டபத்துக்குப் போய்விட்டது. அண்ணை சாமியைக் கும்பிட்டு, தறப்பாளை அவிழ்த்து, நல்ல நேரம் பார்த்துத் திறப்பில் இருந்த பொத்தானை அமத்தினார். கார் மூச்சுக் காட்டவில்லை. பற்றரி செத்து, கதவே திறக்கவில்லை. கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தால் தோல் இருக்கையெல்லாம் வெள்ளையாய்ப் பூஞ்சணம். சில்லுகள் பூட்டிக்கொண்டதால் தள்ளவும் முடியவில்லை. வீட்டுக் கார் சனத்தோடு மண்டபத்துக்குப் போய்விட்டது. வாடகை மினிகாப்காரனைக் கேட்டால், வீதி வழுக்குகிறது, காத்திருங்கள் என்றான். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மணவறைச் சேலையோடு ஆரணி குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றாள். வீதியில் மஞ்சள் கார் நின்றது.

அண்ணை அதைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "மலர், பிள்ளையைக் கொண்டு போய் விடுறியே?"

அக்கா கைப்பைக்குள் இருந்து திறப்பை எடுத்தார். "கொண்டு போறன் அண்ணை. ஆலாத்தித் தட்டு என்ரை கைக்கு வரும் எண்டால்."

"இந்த நேரத்திலையோ இதைக் கதைக்கிறாய்?"

"நீங்கள் மேடையிலை வைச்சுக் கதைச்சனீங்கள். நான் வாசலிலைதானே கதைக்கிறன்."

"அப்பா, ப்ளீஸ். ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றாள் ஆரணி.

அண்ணை தலை குனிந்துகொண்டு "ஓம்" என்றார். எவ்வளவு மெல்லச் சொன்னாலும் எனக்குக் கேட்டது.

ஆரணியின் கொண்டை கூரையில் இடித்தது. இருக்கையைச் சாய்த்து, கிடத்தின மாதிரித்தான் அவளைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வளைவு திரும்பும்போது எஞ்சின் ஒரு முழக்கம் முழங்கியது. அவ்வளவு குளிரிலும் ஆரணி உள்ளே இருந்து கைதட்டியதாகப் பிறகு சொன்னாள். நானும் அண்ணையும் கடைசியில் வந்து சேர்ந்த மினிகாப்பில், ஒரு சொல் பேசாமல் போனோம். என் வாழ்க்கையில் நான் மிகவும் ரசித்த பயணம் அதுதான்.

தாலி கட்டி முடிந்தது. அக்கா முன்வரிசையிலிருந்து எழுந்து தட்டை எடுத்தார். ஆலாத்திக்கு இரண்டு பேர் வேண்டும். பட்டுச் சேலைகள் இரண்டு மூன்று முன்னுக்கு வந்தன. அக்கா அவர்களைத் தாண்டிப் பின்வரிசையைப் பார்த்து, "யோகா, இஞ்சாலை வாரும்" என்றார். நான் எழுந்து மேடைக்குப் போனேன். கைவிடப்பட்ட ஒருத்தியும் தாலி இழந்த ஒருத்தியும் அந்தத் தட்டைச் சுற்றினோம். அண்ணை விரித்திருந்த சமுக்காளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆரணி இன்று இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். பழுது வரும் என்று காத்திருந்தவர்கள் இன்னும் காத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு அண்ணை தங்கையோடு பேசவில்லை. நோய் வந்து அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வரவில்லை. அக்கா உயிரோடு இருக்கும்போதே காரை ஆரணியின் பெயருக்கு மாற்றிவிட்டு, திறப்பை என்னிடம் தந்தார். "அவளுக்குப் பிள்ளையளோடை நேரம் இருக்காது. பனிக்கு நீர்தான் ஓட வேணும். மூடி வைச்சு அழாதையும்" என்றார். அண்ணை செத்த வீட்டுக்குத்தான் வந்தார். வந்து முன்னுக்கு நின்றார். பூதவுடல் போன வண்டிக்குப் பின்னால் தன்னுடைய காரை விட நினைத்திருந்தார். நான் அதற்கு முதலே மஞ்சள் காரை அங்கே விட்டுவிட்டேன். வீதி முழுக்க உப்பு. போய் வந்த பிறகு, அழுதழுது நானே கழுவினேன். குழாயைப் பிடிக்க ஆளில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு எஞ்சியது அந்தத் திறப்பும், தட்டின் சூடு ஏறிய இந்தக் கையும், அவருடைய கோபமும். கோபத்தையும் ஓடாமல் மூடி வைத்தால் பற்றரி செத்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அதனால் இன்றைக்கு அதையும் வெளியில் எடுத்திருக்கிறேன்.

மண்டபத்துக் கார் நிறுத்துமிடத்தைப் போய்ப் பாருங்கள். தம்பிராசா அண்ணையின் காருக்குப் பின்னால் சுவர். முன்னால், கை நுழையாத அளவுக்கு நெருக்கமாக, மஞ்சள் கார். நான் எடுக்காமல் அவர் வீட்டுக்குப் போக ஏலாது. எடுப்பேன். அக்காவின் படத்துக்கு முன்னால் நின்று, தங்கையின் கையிலிருந்து தட்டைப் பறித்த கதையை அவர் தன் வாயால் இந்தச் சபைக்குச் சொல்லட்டும், உடனே எடுப்பேன். திறப்பு என் மடியில் இருக்கிறது. எனக்கு அவசரம் இல்லை. நான் ஆறுதலாகச் சாப்பிட்டு, இன்னொரு தரம் பாயசமும் கேட்டு வாங்கிக் குடிப்பேன்.