கோயில் இட்லிக்குப் போகும் வழி

முகூர்த்தப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வரும் உறவுக்காரர்கள், எங்கே சாப்பிடலாம் என்று என்னைத்தான் கேட்பார்கள். பட்டைப் பற்றிக் கேட்பதில்லை. நெசவுக் குடும்பத்தில் பிறந்து வாத்தியார் வேலைக்குப் போனவனுக்குத் தறி மறந்திருக்கும், நாக்கு மறந்திருக்காது என்ற கணக்கு போலிருக்கிறது.

இந்த முறை கேட்டது தங்கையின் சம்பந்தி வீட்டார். அவர்களுக்காக நான் எழுதிவைத்த கடைப் பட்டியலை என் மகள் படித்தாள்.

"இன்னாப்பா இது? 'வண்டி நிறுத்த இடம் உண்டு. ரோட்டைத் தாண்ட வேண்டாம். பக்கத்திலேயே கிளினிக் இருக்கிறது.' தோசை எப்டி இருக்கும்னு ஒரு வார்த்தை இல்ல. சாப்புட வராங்களா, அட்மிட் ஆவ வராங்களா?"

சிரிக்க முயன்றேன். அவளுடைய இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு பிரித்த தோல் இன்னும் வெளுப்பாகவே இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. மிளகும் சுக்கும் மணக்கும் கோயில் இட்லி சாப்பிட வேண்டும் என்று அவள் சொன்னாள். சீக்கிரம் தீர்ந்துவிடும். நான் ஸ்கூட்டரை ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவசரத்தில் நெசவாளர் தெரு வழியாகக் குறுக்கே புகுந்தேன். காலை வேளையில் அங்கே பாவு போட்டிருப்பார்கள். புடவைக்கான பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சிக்கெடுப்பார்கள். இது தெரிந்த உள்ளூர்க்காரன் எவனும் அந்நேரம் அங்கே வண்டியை விடமாட்டான். நான் விட்டேன்.

திருப்பத்தில் திடீரென்று நூல் எதிரே வந்தது. ஒரு பக்கம் பாவு, ஒரு பக்கம் சுவர். யோசிக்க நேரமில்லை. கை தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பியது. பாவுமேல் விழாதே என்று நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து கேட்டு வளர்ந்த கை அது. நூலில் போயிருந்தால் பட்டு அறுந்திருக்கும், அவ்வளவுதான். சுவரில் போனதால் மகளின் எலும்பு முறிந்தது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து வண்டியைத் தொடவுமில்லை, அவளைத் தொடவிடவுமில்லை. ஏனாத்தூரில் இருக்கும் கல்லூரிக்கு பஸ்ஸில் போய்வருகிறாள். வீடு திரும்ப ஐந்து நிமிடம் தாமதமானாலும் நான் வாசலில் நிற்பேன். தூக்கமும் சரியில்லை.

"அந்தத் தெரு டீக்கடைய லிஸ்ட்லேந்து ஏன் எடுத்துட்ட? இஞ்சி டீக்கு அதுதான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தியே" என்று மகள் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "நான் ஓட்றேன், நீ பின்னாடி ஒக்காரு."

சம்மதித்திருக்கமாட்டேன். ஆனால் மறுத்து மறுத்து எனக்கே அலுத்திருந்தது. வழியெல்லாம் கம்பியை இறுகப் பிடித்திருந்தேன். தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம்.

பாவில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"சார், அன்னிக்கி செவுத்துல மோதினது நீங்கதான? ஒரு இழை அறுபடலியே! இன்னா மனசு சார் உங்களுக்கு!"

மகள்தான் பதில் சொன்னாள்.

"எங்கப்பாவுக்கு பாவுதாங்க்கா மூத்த புள்ள. நானு அப்புறந்தான்."

அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் எந்தப் பக்கம் திருப்பினேன் என்பது மகளுக்கு அன்றே தெரிந்திருக்கிறது; பின்னால் உட்கார்ந்திருந்தவள்தானே.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் மெல்லச் சொன்னேன். "நூல்மேலயே விட்டிருக்கணும்மா."

"விட்டிருந்தா அந்தக்கா உன் கைய ஒடைச்சிருப்பாங்க. டீ ஆறுதுப்பா, குடி."

இஞ்சி காரமாக இறங்கியது.

இன்று திங்கட்கிழமை. காலையில் கல்லூரிக்குக் கிளம்பும்போது சாவியைக் கேட்டாள். கொடுத்துவிட்டேன். போய்ச் சேர்ந்ததும் போன் செய் என்றேன். போன் இன்னும் வரவில்லை. அதுவரை சும்மா இருக்க முடியாமல், சம்பந்தி வீட்டாருக்கான தாளை எடுத்துக் கடைசியில் சில வரிகள் சேர்த்தேன்.

நெசவாளர் தெரு டீக்கடையில் இஞ்சி டீ நன்றாக இருக்கும். வண்டியை முனையிலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள். கோயில் இட்லிக்கு அவசரப்பட வேண்டாம். தீர்ந்திருந்தால் வேறு ஏதாவது சாப்பிட்டுக்கொள்ளலாம்.