வந்தபடியே போகாத மூட்டைகள்

ஆயத்த ஆடை ஆலையில் பத்தொன்பது வருடம் செக்கிங் பார்த்த கை அவளுடையது. தையல் விட்டிருந்தால் விரல் தானாக நின்றுவிடும். ஆலை மூடிய பிறகு தேவாலயத்தின் நிவாரணச் சங்கத்தில் துணி பிரிக்கும் மேசைக்கு வந்து சேர்ந்தாள். எல்லோருக்கும் அவள் செக்கிங் அக்காதான். தினமும் தன்னையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்த பிறகே வேலைக்கு விடுகிறாள் என்று பஸ் கண்டக்டரான அவள் புருஷன் புலம்புவார்.

மேசையில் அவள் வைத்ததுதான் சட்டம். தான் உடுத்தத் தயங்குகிற துணி யாருக்கும் போகாது. பொத்தான் இல்லாவிட்டால் தைத்துக் கொடுப்பாள். கிழிசல் என்றால் தரை துடைக்கச் சதுரம் சதுரமாக நறுக்கி வாளியில் போட்டுவிடுவாள். சின்ன வயதில், ஒரு வெள்ளத்துக்குப் பிறகு, அவளுக்கும் ஒரு நிவாரணச் சட்டை கிடைத்தது. அதன் ஒரு கை நீளம், இன்னொரு கை குட்டை. அதோடு பள்ளிக்கூடம் போன நாளைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, முந்தின நாள் குடியிருப்பு ஒன்று தீயில் எரிந்ததால் நாற்பது குடும்பங்கள் பள்ளி மண்டபத்தில் இருந்தன. மூன்று மணிக்கு அவர்களுக்குத் துணி ஏற்றிய லாரி கிளம்ப வேண்டும். மத்தியானம் கிடங்குக்கு வந்த சங்கச் செயலாளர், வாளியில் கிடந்த சாம்பல் நிறக் கம்பளிச் சதுரத்தை எடுத்துப் பார்த்தார். முகம் வெளுத்தது.

“இது எங்கப்பா கோட்டு!”

“உள்ளே பூரா பூச்சி அரிச்சிருந்தது சார்.”

“அப்பா நினைவா ஒரு ஏழைக்குப் போகட்டும்னு கொடுத்தேன். நீ வாளியில போட்டிருக்கே!”

“உங்கப்பாவுக்கு மரியாதை கொடுக்கலாம் சார். பூச்சிக்குக் கொடுக்க முடியாது.”

சுமை தூக்குகிறவர்கள் சிரிப்பை அடக்க முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். செயலாளர் அவர்களைப் பார்த்துக் கத்தினார். “இனிமே பிரிக்க வேணாம். மூட்டை வந்தபடியே ஏறட்டும். வீடு எரிஞ்சவங்க எதைக் கொடுத்தாலும் வாங்கிக்குவாங்க.”

“வேற வழியில்லாம வாங்கிக்குவாங்க சார். அதனாலதான் நான் பார்க்கணும்.”

“சாவியை வெச்சுட்டுக் கிளம்பு.”

சத்தம் கேட்டுப் போதகர் வந்தார். சண்டை என்றாலே அவருக்கு ஆகாது. “சகோதரி, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடுங்களேன்.”

“கோட்டுக்குக் கேட்கறேன் ஐயா. வெட்டறதுக்கு முன்னாடி யாருதுன்னு விசாரிச்சிருக்கணும், தப்புதான். மூட்டைக்குக் கேட்கமாட்டேன்.”

சாவியை மேசையில் வைத்தாள். வெளியே போனாள். லாரி டயரில் கால் வைத்து ஏறி, அதற்குள் ஏற்றியிருந்த முதல் மூட்டையின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள்.

“கீழே இறங்கு!”

“கிடங்குச் சாவியைக் கேட்டீங்க, கொடுத்துட்டேன். லாரிச் சாவி டிரைவர்கிட்ட இருக்கு.”

ஒரு கால்சட்டை பறந்து செயலாளரின் தோளில் விழுந்தது. “ஜிப் இல்லை சார். உங்க பேரனுக்குப் போட்டு அனுப்புவீங்களா?”

அவர் அதைத் தோளிலிருந்து உதறித் தள்ளினார். போதகர் தெருவில் விழுந்த ஒரு சட்டையை எடுத்தார். “இது நல்லாத்தானே இருக்கு?”

“அக்குளைப் பாருங்க ஐயா.”

பார்த்தார். கீழே வைத்துவிட்டார்.

டிரைவர் அவளோடேயே லாரியைக் கிளப்பிவிட்டார். “நாளைக்கு இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது!” என்று செயலாளர் பின்னாலேயே கத்தினார்.

“நாளைக்குத்தானே?” என்று கத்திவிட்டு அவள் அடுத்த மூட்டையை இழுத்தாள்.

மண்டபத்தில் லாரியின் பின்கதவு திறந்தபோது, ஒன்பது மூட்டையில் மூன்று பிரிக்காமல் பாக்கி. அதற்குள் குடும்பங்கள் வரிசையில் நின்றுவிட்டன. முன்னால் நின்றவள் முந்தின நாளிலிருந்து அதே புடவையில் இருந்திருக்க வேண்டும். ஓரமெல்லாம் கரி.

“எதுவா இருந்தாலும் கொடுங்கக்கா, பரவாயில்லை.”

“ஏன் பரவாயில்லை? உனக்கு என்ன கலர் பிடிக்கும், அதைச் சொல்லு.”

அந்தப் பெண் திகைத்துப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். “பச்சை. வெளிர்பச்சை வேணாம், அடர்த்தியா. அப்புறம், கையில்லாத ரவிக்கை நான் போடமாட்டேன்.”

“அப்படிக் கேளு” என்றாள் அக்கா.